ஊழும் மருந்தும்: குழந்தையின்மை எழுப்பும் கேள்விகள்

குழந்தையில்லாத தம்பதியின் மனத்தில் எழும் ‘ஏன்’ என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடலில் எது தடைப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி, நாங்கள் செய்த குற்றம் என்ன என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் நுண்ணோக்கியும் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். இரண்டாவது, சமயத்துக்கும் தத்துவத்துக்கும் உரியது. தமிழ்க் குடும்பங்களில் இரண்டும் பிரித்தறியப்படாமல் பின்னிக் கிடக்கின்றன. அதனால் முதல் கேள்வியோடு மருத்துவரிடம் போயிருக்கவேண்டிய ஆண்டுகள், இரண்டாவது கேள்வியைச் சுமந்து நடப்பதிலேயே கழிந்துவிடுகின்றன.

கருத்தடை ஏதுமின்றி 12 மாதங்கள் முறையாக உறவு கொண்டும் கரு தங்காவிட்டால், உலக சுகாதார நிறுவனம் அதை மகப்பேறின்மை என்கிறது. அந்நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலைக்கு ஆளாகிறார். செல்வநாடு, ஏழைநாடு என்ற வேறுபாடு இதில் பெரிதாக இல்லை. இது சாபம் என்றால், மனித குலத்தில் ஆறில் ஒரு பங்கினர் சபிக்கப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொள்ள நேரும்.

வினைப்பயன் என்ற கருத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அது இந்த மண்ணின் சிந்தனையில் ஆழமாக வேரூன்றியது. ஆனால், அந்தக் கருத்தை வகுத்தவர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்களைக் கூறுகிறது. குடம் உருவாவதற்கு மண் முதற்காரணம்; தண்டும் சக்கரமும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். குயவன் இருக்கிறான், ஆகவே மண்ணின் பதத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்று எந்தச் சித்தாந்தியும் சொன்னதில்லை. பிள்ளைப்பேறு இறைவன் அருள் என்று முழுமனதாக நம்புகிறவருக்கும், கருக்குழாய் திறந்திருக்கிறதா, விந்தணு போதிய அளவில் இருக்கிறதா என்பவை கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். ஒன்றை ஒப்புக்கொள்வது மற்றொன்றை மறுப்பதாகாது.

இன்னொன்றும் உண்டு. சேர்த்துவைத்த வினை சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகரும் பங்கு பிராரத்தம், இனிச் செய்து ஈட்டுவது ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பகுக்கும் அதே மரபு, யாருக்கு எது எதன் பயனாக வந்தது என்பதை இறைவனே அறிவான் என்கிறது. அப்படியிருக்க, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெண்ணைப் பார்த்து, “என்ன பாவம் செய்தாளோ” என்று சொல்வதற்குச் சித்தாந்தத்தில் இடமே இல்லை. அறிய முடியாத ஒன்றை அறிந்ததுபோலப் பேசுவது மட்டுமன்றி, பேசுகிறவரின் ஆகாமியத்திலும் அந்தச் சொல் சேர்கிறது. வினைக்கொள்கை தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தரப்பட்டது. பிறருக்குத் தீர்ப்பு எழுதத் தரப்பட்டதன்று.

மற்றச் சமயங்களும் இந்த இடத்தில் தெளிவாகவே நிற்கின்றன. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தி பதிவு செய்கிறது. செக்கரியாவும் எலிசபெத்தும் முதுமைவரை குழந்தையின்றி இருந்ததைச் சொல்லும் லூக்கா, அதற்கு முன்பே இருவரும் கடவுள்முன் நேர்மையாளர்கள் என்று எழுதிவிடுகிறார். அதே செக்கரியாவைத்தான் குர்ஆன் நபி ஜகரிய்யா என்று போற்றுகிறது. சிலருக்குப் பெண் மக்களையும் சிலருக்கு ஆண் மக்களையும் தரும் இறைவன் சிலரை மகப்பேறற்றவராக ஆக்குகிறான் என்று சொல்லும் குர்ஆன் வசனத்தில், அது தண்டனை என்ற குறிப்பு இல்லை. நபிகளின் மனைவி ஆயிஷாவுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் அவர் நம்பிக்கையாளர்கள் அனைவருக்கும் அன்னை. சைவத்துக்கே திரும்பினால், காரைக்கால் புனிதவதியார் பெற்று வளர்த்த பிள்ளை என்று பெரியபுராணம் யாரையும் சொல்லவில்லை. கயிலையில் அவரை ‘அம்மை’ என்று அழைத்தவன் இறைவனே. பிள்ளையில்லாப் பெண்ணைச் சுபகாரியத்தில் ஓரம்கட்டும் வழக்கத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

உடலின் பக்கம் வந்தால், கரு உருவாவது பல கண்ணிகள் கொண்ட நிகழ்வு. சூலகத்திலிருந்து முட்டை வெளிவரவேண்டும். விந்தணுக்கள் போதிய அளவில், நீந்தும் வலுவோடு கருப்பைவாயைக் கடக்கவேண்டும். இரண்டும் கருக்குழாயில் சந்திக்கவேண்டும். உருவான கரு குழாய் வழியே நகர்ந்து கருப்பையின் உட்சுவரில் பதியவேண்டும். வெளிவந்த முட்டையின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும். ஆகவே ஒரு மாதத்தில் கருத்தரிக்க ஏற்ற நாட்கள் சுமார் ஆறு மட்டுமே. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். ஓராண்டில் நூற்றுக்கு 80 முதல் 85 தம்பதியர் கருத்தரிக்கிறார்கள். திருமணமான மூன்றாம் மாதமே “விசேஷம் ஏதாவது உண்டா” என்று உறவினர் கேட்கத் தொடங்குவது இயற்கையின் கணக்குக்குப் பொருந்தாதது.

வெளிநாட்டு வேலை இந்தக் கணக்கை இன்னும் குழப்புகிறது. கணவர் வளைகுடா நாட்டில் இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறையில் வந்துபோனால், ஐந்தாண்டு மணவாழ்க்கையிலும் சேர்ந்திருந்தது ஐந்தே மாதங்கள். அந்த விடுமுறையில் கருத்தரிக்க ஏற்ற நாட்கள் தவறிப்போனால் அந்த ஆண்டே போயிற்று. இவர்களில் பலருக்கு உடலில் எந்தக் குறையும் இருக்காது. ஆனால், ஊர் கணக்கிடுவது ஐந்தாண்டை; அந்தக் கணக்கு முழுவதும் ஊரில் இருக்கும் மனைவியின் தலையில் ஏறுகிறது. உடலுறவே சரிவர நிகழாத தம்பதியரும் கணிசமாக உண்டு. அச்சத்தாலோ வலியாலோ பெண்ணுக்குப் பிறப்புறுப்பு இறுகிவிடுவதும், ஆணுக்கு விறைப்பு நிலைக்காததும் கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் மறைக்கப்படுகின்றன. மருத்துவர் தனித்தனியே அழைத்துக் கேட்டால்தான் இது வெளிவரும். இதற்குத் தனியே ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு. குணமாகும் வாய்ப்பும் நன்றாகவே உள்ளது.

பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது முட்டை ஒழுங்காக வெளிவராமை. பொதுவாக ‘நீர்க்கட்டி’ என்று அழைக்கப்படும் பிசிஓஎஸ் இதற்குத் தலையாய காரணம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ‘கட்டி’ என்ற பெயர் வீண் பயத்தைக் கிளப்புகிறது. ஸ்கேனில் தெரிபவை முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகளே. உடல் எடையைச் சற்றுக் குறைப்பதும், லெட்ரோசோல் போன்ற மாத்திரையும் பலருக்கு முட்டை வெளிவர வழிசெய்கின்றன. தைராய்டு குறைபாடும் புரோலாக்டின் மிகுதியும் மாத்திரையில் சரிசெய்யக்கூடியவை. எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயில் கருப்பை உட்சுவரைப் போன்ற திசு வெளியே சூலகத்திலும் குழாயிலும் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கில் தாங்க முடியாத வலி இதன் அடையாளம். “எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்” என்று அந்த வலியை அடக்கிவைக்கச் சொல்வதால் நோய் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் வளர்கிறது.

இந்தியாவில் தனியாகச் சொல்லவேண்டியது காசநோய். நுரையீரலைத் தாக்கும் அதே கிருமி இரத்தம் வழியே கருக்குழாயை அடைந்து, இருமலோ காய்ச்சலோ காட்டாமல் குழாயை மெல்ல அழித்துவிடும். குழாய் எக்ஸ்ரே எனப்படும் ஹெச்எஸ்ஜி பரிசோதனையில் இது சில சமயம் கண்கூடாகத் தெரியும். கருப்பைவாயில் மெல்லிய குழலைச் செருகிச் சாயத்தைச் செலுத்தியதும், திரையில் முதலில் கருப்பையின் முக்கோணம் நிறையும். பிறகு இரு மூலைகளிலிருந்தும் சாயம் மெல்லிய கோடாக ஓடி, முனையில் பொங்கி வயிற்றுக்குழிக்குள் கசிந்து பரவும். பரவினால் குழாய் திறந்திருக்கிறது. காசநோய் தாக்கிய குழாயில் சாயம் மணிமணியாகத் தேங்கி, முனையை எட்டாமலே நின்றுவிடலாம். இப்படிக் குழாய் அடைபட்ட பெண்ணின் ஜாதகத்தில் நாகதோஷம் இருப்பதாகச் சொல்லி இராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை செய்துவந்திருப்பார்கள். செய்ததில் தவறில்லை. ஆனால், அந்தக் குழாயை அடைத்தது கிருமி என்பதும், அது மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதும் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கவேண்டும். கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுகளும் இதேபோல ஓசையின்றிக் குழாயைக் கெடுப்பவை.

ஆண்களைப் பொறுத்தவரை, குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறை தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ இருக்கிறது. விதைப்பையில் நரம்புபோலப் புடைத்துத் தெரியும் இரத்தநாள வீக்கமான வேரிக்கோசில், பருவத்துக்குப் பின் வந்த பொன்னுக்குவீங்கி விதையைத் தாக்கியது, குழந்தைப் பருவத்தில் விதை கீழிறங்காமல் இருந்தது, விந்துநாள அடைப்பு, மரபணுக் குறை, நீடித்த சர்க்கரை நோய், புகை, மிகுந்த மது எனக் காரணங்கள் பல. விதைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில்தான் நன்கு இயங்கும்; உலைக்களத்திலும் கொதிகலன் அருகிலும் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு இது பாதகம். தசை வளர்க்க ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது என்பதை அதைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களில் பலர் அறியார். ஆண்மைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. உறவில் எந்தக் குறையும் இல்லாதவரின் விந்திலும் ஓர் அணுகூட இல்லாதிருக்கலாம். நூற்றுக்கு ஓர் ஆணுக்கு இந்நிலை உண்டு.

இதை அறிய ஆகும் செலவும் சிரமமும் மிகக் குறைவு. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளிக்குப் பின் சேகரித்த விந்தை அரைமணி நேரம் நீர்த்துப்போக விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், அவற்றில் நூற்றுக்கு 42 அசைபவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த கீழ் எல்லை. ஒருமுறை குறைந்தால் இன்னொரு முறையும் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஓர் அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால், முந்தைய காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். இவ்வளவு எளிதான பரிசோதனை எத்தனையோ வீடுகளில் கடைசியாகத்தான் நடக்கிறது. மனைவிக்கு லேப்ராஸ்கோப்பி வரை முடிந்தபின் கணவர் பரிசோதனைக்கு இசைவது மருத்துவர்கள் அடிக்கடி காணும் அவலம். இது அறியாமை மட்டுமன்று, அநீதி. ‘மலடி’ என்ற வசவு ஊரெல்லாம் புழங்க, ஆணைக் குறிக்கும் சொல் வாயோரம்கூட வராத சமூகத்தில் இந்த அநீதி யாருக்கும் உறுத்துவதில்லை.

பழைய கதைகள் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவை. மகவு வேண்டி வேள்வி செய்தவன் தசரதனே. மனைவியரில் யாரையும் அவன் குற்றம் சொல்லவில்லை. குறையைத் தன்னுடையதாக ஏற்று முனிவரை நாடினான். தன்னால் இயலாது என்பதைக் குந்தியிடம் வெளிப்படையாகச் சொல்லி வழி கேட்டவன் பாண்டு. மண்சோறு உண்ணுவது, அரசமரம் சுற்றுவது, செவ்வாய்தோறும் விரதம் இருப்பது எல்லாம் பெண்ணுக்கே என்று வகுத்தது பிற்கால வழக்கம்.

வழிபாட்டின் பயனைக் குறைத்துப் பேசவேண்டியதில்லை. திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் வாங்கிப் போகும் பெண்ணும், வேளாங்கண்ணியில் சின்னத் தொட்டிலைக் கட்டும் பெண்ணும், நாகூர் தர்காவில் நிற்பவளும் அங்கே பெறுவது, தன் துயரத்தை வெட்கமின்றிச் சொல்ல ஓர் இடம். வீட்டில் அந்த இடம் அவளுக்குக் கிடைப்பதில்லை. விவிலியத்து அன்னா கோயிலில் வாய் அசைய ஓசையின்றி அழுததைக் குரு ஏலி குடிமயக்கம் என்று தவறாக எண்ணினார். பிறகு உணர்ந்து அவளுக்கு ஆசி கூறி அனுப்பினார். அந்த ஆசிக்குப் பின் அவள் சாப்பிட்டாள், முகம் தெளிந்தாள் என்கிறது நூல். கரு தங்குமுன்பே கிடைத்த ஆறுதல் அது.

கேடு வருவது, வேண்டுதல் மருத்துவத்துக்கு மாற்றாகும்போது. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக, முன்னோர் பழமொழியிலேயே இதைச் சொல்லிவைத்தார்கள். ஒரு பரிகாரம் ஒரு மண்டலம். பலிக்காவிட்டால் அடுத்த ஜோதிடர், அடுத்த தலம். “குருபலன் வரட்டும், பார்க்கலாம்” என்பதில் ஓராண்டு போகிறது. பெண்ணின் உடலில் ஓராண்டு திரும்ப வராதது. பெண் குழந்தை பிறக்கும்போது அவளது சூலகங்களில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்பெய்தும்போது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாளில் வெளிவருவது 400, 500 மட்டுமே. மற்றவை கரைந்துபோகின்றன, புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. 35 வயதுக்குப் பின் எண்ணிக்கையோடு தரமும் சரிந்து, கருச்சிதைவின் வாய்ப்பு ஏறுகிறது. 38 வயதில் வரும் பெண்ணிடம், “மூன்றாண்டு முன்பே வந்திருக்கலாமே” என்று எந்த மருத்துவரும் சொல்ல விரும்புவதில்லை. அந்த மூன்றாண்டைத் தின்றது பெரும்பாலும் நோய் அன்று, தயக்கம்.

விதித்தது இருந்தால் நடக்கும், எதற்கு மருத்துவம் என்ற கேள்விக்கு வள்ளுவரிடம் விடை தேடினால் மூன்று அதிகாரங்களைச் சேர்த்துப் படிக்கவேண்டும். அறத்துப்பாலின் கடைசியில் ஊழின் வலிமையைச் சொல்லியவரே பொருட்பாலில் ‘ஆள்வினையுடைமை’ வகுத்து, ஊழையும் புறங்காணலாம் என்கிறார். ‘மருந்து’ அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்து செய்யச் சொல்கிறார். நோயின் மூலத்தை ஆராய்வது ஊழை மறுப்பது என்று அவர் எங்கும் கருதவில்லை.

இதையே கதையாகச் சொல்வது மெய்கண்டார் வரலாறு. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களை அருளிய அவர், நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிறந்தவர். களப்பாளரின் குரு தேவார ஏட்டில் கயிறு சாத்தி வாக்குக் கேட்டபோது, திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடினால் பிள்ளைப்பேறு உண்டு என்னும் சம்பந்தர் பதிகம் கிடைத்தது. மனைவியோடு போய் நீராடினார். ஒரு நாள் இறைவன் கனவில் வந்து, உனக்கு இப்பிறவியில் மகப்பேறு இல்லை என்றே சொன்னதாக வரலாறு கூறுகிறது. அவர் அதற்கும் அசையவில்லை. சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன் என்றார். பிறகே பேறு வாய்த்தது. விதி இல்லை என்று இறைவனே சொன்ன பிறகும் முயற்சியைக் கைவிடாதவரின் மகன்தான் சித்தாந்தத்தின் முதல் ஆசிரியர். “எங்கள் தலையெழுத்து” என்று 30 வயதில் ஓய்ந்துபோகிறவர்களுக்கு எந்தச் சித்தாந்தமும் துணைநிற்காது.

எப்போது போவது என்பதில் மருத்துவ உலகில் கருத்தொற்றுமை உண்டு. பெண்ணின் வயது 35க்குக் கீழ் இருந்தால் ஓராண்டு முயன்றபின். 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்துக்குப்பின். 40ஐ எட்டியிருந்தால் உடனே. சேர்ந்து வாழ்ந்த மாதங்களே கணக்கு. ஆனால், சிலர் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது: மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வருபவர், அல்லது வராமலே இருப்பவர், கடும் வலி உள்ளவர், முன்பு காசநோய், கருக்குழாயிலேயே கரு தங்குதல், இடுப்புக்குழியில் நோய்த்தொற்று, வெடித்த குடல்வால் எனக் கண்டவர், இரண்டு முறை கரு கலைந்தவர், தாய்க்கோ அக்காவுக்கோ 40க்கு முன் மாதவிலக்கு நின்றுபோனவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர். ஆண்களில் விதையில் அறுவை சிகிச்சையோ அடியோ கண்டவர், விதை சிறுத்திருப்பவர், உறவில் சிரமம் உள்ளவர். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் செய்து கருக்கலைவு தொடர்ந்தால் மரபணு ஆலோசனையும் தேவைப்படும்.

முதல்முறை போகும்போது இருவரும் சேர்ந்தே போகவேண்டும். பெண்ணுக்கு இரத்தத்தில் தைராய்டு, தேவையானால் புரோலாக்டின், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச், உள்ஸ்கேன். ஆணுக்கு விந்துப் பரிசோதனை. ஓரிரு வாரத்தில் இவை முடிந்துவிடும். குழாய்ப் பரிசோதனை அடுத்து. எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாத தம்பதியரும் உண்டு; நூற்றுக்கு 15 முதல் 30 பேர். சமயக் கேள்வி மறுபடி தலைதூக்குவது இங்கேதான். மருத்துவம் காரணம் சொல்லாத இடத்தில் பாவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணம் தெரியவில்லை என்றால் இன்றைய கருவிகளுக்குத் தெரியவில்லை என்பதே பொருள். இவர்களில் பலர் சிகிச்சையாலும் சிலர் சிகிச்சை இன்றியும் கருத்தரிக்கிறார்கள்.

சிகிச்சை பெரும்பாலும் மாத்திரையிலும், விந்தணுவைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐயிலும் தொடங்குகிறது. எல்லாருக்கும் ‘டெஸ்ட் டியூப் பேபி’ எனப்படும் ஐவிஎஃப் தேவைப்படாது. இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் 1978 ஜூலை 25இல் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியோரின் உழைப்பில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் இரண்டாவது பிறந்தது. அவரை அரசுக் குழு நம்ப மறுத்தது. 1981இல் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழிந்தே அவருடைய பணிக்கு உரிய அங்கீகாரம் கிடைத்தது.

உடலுக்கு வெளியே உயிர் உருவாக்குவது முறையா என்பதில் சமயங்கள் ஒன்றுபடவில்லை. 1987இல் வாத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், கணவன் மனைவிக்கு இடையிலேயே நடந்தாலும் ஐவிஎஃப் ஏற்புடையதன்று என்றது. உறவையும் பிறப்பையும் பிரிப்பது ஒரு காரணம். மிஞ்சும் கருக்கள் அழிக்கப்படுவது மற்றொரு காரணம். குழந்தை கொடை, யாரும் உரிமையாகக் கேட்கக்கூடிய பொருளன்று என்ற அதன் வாதம் திருச்சபைக்கு வெளியில் இருப்பவர்களும் எண்ணிப் பார்க்கவேண்டியது. முட்டையைத் தூண்டும் மருந்து, குழாய் அறுவை போன்ற உதவிகளை அது தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது, பின்னாளில் முதலாம் ஜான் பால் போப்பாண்டவரான கர்தினால் லூசியானி, அந்தப் பெற்றோரைக் கண்டிக்கத் தமக்கு உரிமை இல்லை என்று கூறிக் குழந்தையை வாழ்த்தினார். கொள்கைக்கும் மனிதருக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளியை அந்தச் சொல் காத்தது. சன்னி இஸ்லாமில் 1980இல் எகிப்தின் அல் அஸ்ஹர் சமயப்பீடம் வெளியிட்ட தீர்ப்பு, கணவன் மனைவியின் அணுவும் முட்டையும் மட்டும் என்றால் ஐவிஎஃப் கூடும், மூன்றாமவர் பங்கு கூடாது என்றது. ஷியாக்களில் ஈரானின் சமயத் தலைவர் காமெனெயி 1999இல் தானம் பெறுவதையும் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். இந்துக்களுக்கு இப்படித் தீர்ப்புரைக்கும் ஒரே பீடம் இல்லை. வியாசர் வழிப் பிறந்த திருதராட்டிரனையும் பாண்டுவையும் ஏற்ற மரபு, தானத்தை முற்றாக மறுப்பது கடினம். அங்கே கேட்கவேண்டியது, பெண்ணின் முழு இசைவோடு நடக்கிறதா, அம்பிகையும் அம்பாலிகையும்போல ஏவலுக்குப் பணிந்து நடக்கிறதா என்பதே. 2021இல் இந்தியாவில் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், மையங்கள் பதிவு பெற்றிருக்கவேண்டும், எழுத்துமூலமான இசைவு வேண்டும் என்கிறது. சிகிச்சை பெறும் பெண் 21க்கும் 50க்கும் இடையிலும் ஆண் 21க்கும் 55க்கும் இடையிலும் இருக்கவேண்டும். மையத்தின் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்ப்பது தம்பதியின் உரிமை.

35 வயதுக்குக் கீழும் ஐவிஎஃப் ஒரு முறையில் பலிப்பது சுமார் மூன்றில் ஒருவருக்கே. சொந்த முட்டையில் 43க்கு மேல் நூற்றுக்குச் சிலரே. ஆகவே எத்தனை முறை முயல்வது, எவ்வளவு செலவழிப்பது என்பதைச் சிகிச்சை தொடங்குமுன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து, ஒவ்வொரு தோல்வியிலும் “இன்னும் ஒரே ஒரு முறை” என்று போவதில் மனமும் மணவாழ்வும் உடைகின்றன. நிறுத்துவது நம்பிக்கைக் குறைவும் அன்று, தோல்வியும் அன்று.

அப்போது மிஞ்சும் அச்சம், எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லையே என்பது. மரபிலேயே அதற்கு விடை இருக்கிறது. பீஷ்மருக்கு மக்கள் இல்லை; அதனாலேயே தை மாத பீஷ்மாஷ்டமியில், பெற்றோர் உயிரோடிருப்பவர்கள்கூட அவருக்குத் தர்ப்பணம் செய்யும் வழக்கம் உண்டு. சுவீகாரப் பிள்ளை பழைய நூல்களும் ஏற்ற பிள்ளை. இன்று தத்தெடுப்பு மத்திய அமைப்பான காரா வழியே நடக்கிறது. 2022 விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெறத் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85க்கு மேற்படக் கூடாது. வளர்ந்த குழந்தைகளுக்கு இந்த வரம்பு உயரும். வளர்ப்பவர் பெயரை அல்லாமல் பெற்றவர் பெயரையே குழந்தை தாங்கவேண்டும் என்னும் இஸ்லாமியச் சட்டத்தை மதிப்பவர்களுக்கு அனாதைக் குழந்தையை வளர்க்கும் கஃபாலா முறை உண்டு; விரும்பினால் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எந்தச் சமயத்தவரும் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. காத்திருப்போர் வரிசை நீளம் என்பதால், கடைசிச் சிகிச்சையும் கைவிட்டபின் இதைப் பற்றி முதன்முதலாகப் பேசத் தொடங்குவதைவிட, சிகிச்சை நடக்கும் காலத்திலேயே இருவரும் பேசி வைப்பது வயது வரம்பு நெருங்குமுன் பதிவு செய்ய உதவும்.